கையொப்பமிட்டவர் படித்தாரா? வழக்கறிஞர் தொழிலில் செயற்கை நுண்ணறிவு

2019 ஆகஸ்ட் மாதம் எல் சால்வடாரிலிருந்து நியூயார்க் நகருக்குப் பறந்த அவியாங்கா விமானத்தில், உணவு பரிமாறும் உலோக வண்டி ஒன்று ஒரு பயணியின் முழங்காலில் மோதியது. அவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார். சர்வதேச விமானப் பயண இழப்பீடு பற்றிய மாண்ட்ரியல் உடன்படிக்கை தரும் 2 ஆண்டு காலவரம்பு கடந்துவிட்டதால் வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று விமான நிறுவனம் மனு செய்தது. நிறுவனம் இடையில் திவால் பாதுகாப்புக் கோரியிருந்ததால் அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று காட்டுவதற்காக, பயணியின் தரப்பு 2023 மார்ச் மாதம் ஓர் எதிருரை தாக்கல் செய்தது. அதில் 'வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்' என்ற தீர்ப்பு, தொகுதி எண், பக்க எண், ஆண்டு எல்லாவற்றோடும் மேற்கோளாக இடம்பெற்றிருந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் தேடினார்கள், கிடைக்கவில்லை. நீதிமன்றமும் தேடியது, கிடைக்கவில்லை. குறிப்பிட்ட தொகுதியின் குறிப்பிட்ட பக்கத்தில் இருந்தது முற்றிலும் வேறொரு வழக்கு.

எதிருரையை எழுதியவர் 30 ஆண்டுகளுக்கு மேல் தொழில் அனுபவம் உள்ளவர். தாம் தேடிய தீர்ப்புகளைச் சாட்ஜிபிடியிடம் கேட்டுப் பெற்றிருந்தார். வர்கீஸ் உண்மையான வழக்குதானா என்று அதனிடமே கேட்டும் இருந்தார். ஆம், உண்மையானதே, வெஸ்ட்லா, லெக்ஸிஸ்நெக்ஸிஸ் ஆகிய தரவுத்தளங்களில் கிடைக்கும் என்று அது பதில் சொன்னது. அந்தத் தரவுத்தளங்களை அவர் திறந்து பார்க்கவில்லை. மேலும், அவருக்கு அந்தக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வாதாடும் பதிவு இல்லை. எனவே அதே அலுவலகத்தின் இன்னொரு வழக்கறிஞர், மேற்கோள்களில் ஒன்றைக்கூடச் சரிபார்க்காமல் எதிருரையில் கையொப்பமிட்டார்.

நீதிபதி கெவின் கேஸ்டல் 2023 ஜூன் 22 அன்று அவ்விருவருக்கும் அவர்களது அலுவலகத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதித்தார். இல்லாத தீர்ப்புகளை எழுதியதாகப் பெயர் சுட்டப்பட்ட நீதிபதிகள் ஒவ்வொருவருக்கும் உண்மையை விளக்கிக் கடிதம் அனுப்பவும் உத்தரவிட்டார். நம்பகமான ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியின் துணையை நாடுவதில் தவறேதும் இல்லை என்றும், தாக்கல் செய்வது சரியானதுதானா என்று வாயிற்காவல் செய்யும் பொறுப்பு வழக்கறிஞருக்கே உரியது என்றும் அவர் எழுதினார். மார்ச் மாதமே எதிர்த்தரப்பு சந்தேகத்தை எழுப்பியபோது தவற்றை ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்பதும் அவர் பதிவு செய்த கருத்து. நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளின் நகலைக் கேட்டபோது, அவர்கள் மீண்டும் அதே கருவி உற்பத்தி செய்த 'தீர்ப்பு வாசகங்களை' இணைத்துத் தாக்கல் செய்திருந்தார்கள்.

இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் கருவியின் பொய்யிலேயே நின்றுவிடுகிறார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்பவன் என்ற முறையில் என்னை அதைவிடக் கலங்கச் செய்தது படிக்காமல் இடப்பட்ட அந்தக் கையொப்பம். சீனியர் பெயரில் ஜூனியர் எழுதுவதும், ஒருவர் தயாரித்த மனுவில் வேறொருவர் ஒப்பமிடுவதும், வாய்தா நாளன்று காலையில் வழக்குக் கட்டைப் பிரித்துப் பார்ப்பதும் நம் நீதிமன்றங்களுக்குப் புதியவை அல்ல. அந்தப் பழக்கங்கள் இதுவரை பெரிய தீங்கின்றிக் கடந்து போனதற்குக் காரணம், மேற்கோளை எழுதிய யாரோ ஒருவர் ஏதோ ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்தே எழுதியிருப்பார் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்காமல் இருந்ததுதான். இப்போது அந்த அடித்தளம் இல்லை.

பொய் எப்படிப் பிறக்கிறது

மொழி மாதிரி எனப்படும் இந்தக் கருவிகள், தாமாகவே தீர்ப்புத் திரட்டில் தேடி எடுத்துத் தருபவை அல்ல. கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து சொற்கள் ஒன்றையடுத்து ஒன்று வரும் போக்கைக் கற்று, கேட்ட கேள்விக்கு அடுத்து வரத் தகுந்த சொல் எது என்று கணித்துக் கணித்து வாக்கியம் அமைப்பவை. சட்ட மேற்கோளின் வடிவம் இந்தக் கணிப்புக்கு மிகவும் இணக்கமானது. 'அர்னேஷ் குமார் எதிர் பீகார் மாநிலம், (2014) 8 எஸ்சிசி 273' என்பது உண்மையான தீர்ப்பு; எஸ்சிசி என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தொகுப்பு. 7 ஆண்டுகள் வரை தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் காவல்துறை இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. இதில் தொகுதி எண்ணில் ஓர் இலக்கத்தையும் தரப்பினர் பெயரில் ஓர் எழுத்தையும் மாற்றினால், பிறப்பது பொய்யான மேற்கோள். ஆனால் கண்ணுக்கு அதே தோற்றம். வடிவம் ஒழுங்காக இருப்பதைக் கண்டு உள்ளடக்கமும் ஒழுங்காக இருக்கும் என்று நம்புவது படித்த மனத்தின் இயல்பு. அனுபவசாலிகளே இதில் அதிகம் ஏமாறக் கூடும் என்று நினைக்கிறேன். ஒரு மேற்கோள் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கேள்வியின் சாய்வும் இதில் சேர்ந்துகொள்கிறது. 'காலவரம்பு நிறுத்தி வைக்கப்படும் என்பதற்கு ஆதரவான தீர்ப்புகளைத் தா' என்று கேட்டால் கருவி ஆதரவானவற்றையே தேடும், இல்லையென்றால் உருவாக்கும். எதிரான தீர்ப்பு ஒன்று இருக்கிறது, அதை முதலில் படியுங்கள் என்று ஒரு நல்ல சீனியர் சொல்வதைப்போல் அது தானாகச் சொல்வது அரிது. நான் தொழில் பழகிய அலுவலகத்தில், நமக்குச் சாதகமான 3 தீர்ப்புகளைக் கொண்டுபோனால், எதிர்த்தரப்பு எதைக் காட்டுவார் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கேள்வியைக் கருவியிடம் தனியாக, வலியக் கேட்டாக வேண்டியிருக்கிறது.

சட்டத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட, உண்மையான தரவுத்தளத்தோடு இணைக்கப்பட்ட கருவிகளை வாங்கிவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் அமெரிக்காவின் பெயர்பெற்ற சட்டக் கருவிகளை 200க்கு மேற்பட்ட கேள்விகளால் சோதித்தார்கள். லெக்ஸிஸ் நிறுவனத்தின் கருவி 17 சதவீதத்துக்கு மேற்பட்ட கேள்விகளிலும், வெஸ்ட்லாவின் கருவி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கேள்விகளிலும் பிழையான தகவலைத் தந்தன. பொதுக் கருவிகளைவிட இவை மேலானவைதான். ஆனால் இவற்றின் பிழை வேறு வகையானது. இங்கே தீர்ப்பு உண்மையாக இருக்கும், மேற்கோள் எண் சரியாக இருக்கும், அது சொன்னதாகத் தரப்படும் கருத்தை மட்டும் அந்தத் தீர்ப்பு சொல்லியிருக்காது. இல்லாத தீர்ப்பை 5 நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். இருக்கிற தீர்ப்பின் வாயில் ஏற்றப்பட்ட சொல்லைக் கண்டுபிடிக்க, உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.

இந்திய நீதிமன்றங்களில் நடந்தவை

2025 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில், வீடு வாங்கியோர் சங்கம் ஒன்று தாக்கல் செய்திருந்த மனுவில், ராஜ் நாராயண் எதிர் இந்திரா நேரு காந்தி வழக்கின் 1972ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து 73, 74ஆம் பத்திகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. அந்தத் தீர்ப்பில் இருப்பவை மொத்தம் 27 பத்திகள். எதிர்த்தரப்பு இதைச் சுட்டிக்காட்டியதும் மனு திரும்பப் பெறப்பட்டது. மேற்கோளின் பெயரும் எண்ணும் சரியாக இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். யாரேனும் ஒருவர் தீர்ப்பைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தாலே போதும், மனு தாக்கலாகியிருக்காது.

தவறு வழக்கறிஞர்களோடு நிற்கவில்லை. 2024 டிசம்பரில் பெங்களூருவின் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பிறப்பித்த ஓர் ஆணையில், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளாகவும் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பாகவும் காட்டப்பட்டிருந்தவற்றில் சில இல்லாதவை என்றும் மற்றவை வழக்கோடு தொடர்பற்றவை என்றும் தெரியவந்து, சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அது செயற்கை நுண்ணறிவின் கைவண்ணமாக இருக்கலாம் என்றே பரவலாகக் கருதப்பட்டது. 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், ஒரு நிறுவனத்தின் வருமானத்தை ஏறத்தாழ 27.91 கோடி ரூபாயாக நிர்ணயித்த வரி அதிகாரியின் ஆணையை ரத்து செய்தது. அதில் ஆதாரமாகக் காட்டப்பட்ட 3 தீர்ப்புகள் எங்கும் இல்லாதவை. கணினி அள்ளித்தரும் முடிவுகளை நீதிசார் கடமை ஆற்றுபவர்கள் சரிபார்க்காமல் பயன்படுத்தக் கூடாது என்று அந்த நீதிமன்றம் எச்சரித்தது. அமெரிக்காவிலும் நியூ ஜெர்சி, மிசிசிப்பி மாநிலங்களின் கூட்டாட்சி நீதிபதிகள் இருவர், தங்கள் ஊழியர்கள் இந்தக் கருவிகளைப் பயன்படுத்தியதால் பிழையான உத்தரவுகள் வெளியாயின என்று 2025இல் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார்கள். வரி அதிகாரியின் ஆணையில் பொய்யான தீர்ப்பு இருப்பதை நான் வழக்கறிஞரின் தவற்றைவிடக் கடுமையானதாகவே பார்க்கிறேன். வழக்கறிஞர் சொல்வது ஒரு வாதம். அதை மறுக்க எதிரே ஒருவர் நிற்கிறார். அதிகாரியின் ஆணையோ அந்தக் கணமே குடிமகன் தலையில் இறங்கும் சுமை.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு குழியும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் சாட்சியச் சட்டத்துக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. பழைய நடைமுறைச் சட்டத்தின் 482ஆம் பிரிவு, வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்கு உள்ள உள்ளார்ந்த அதிகாரத்தைக் குறித்தது. 'ஃபோர் எய்ட்டி டூ போட்டிருக்கிறோம்' என்றால் எந்த வழக்கறிஞருக்கும் அது ரத்து மனு என்று புரியும். புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482ஆம் பிரிவு முன்ஜாமீனுக்கு உரியது. உள்ளார்ந்த அதிகாரம் 528ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. அதேபோல் தலைமுறை தலைமுறையாகக் கொலைக்கு மறுபெயராக நின்ற 302, தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதைப் பற்றியது. கொலைக்கான தண்டனை 103ஆம் பிரிவில் இருக்கிறது. மொழி மாதிரிகள் கற்ற பக்கங்களில் பல பத்தாண்டுகளின் எழுத்து பழைய எண்களிலும், சில ஆண்டுகளின் எழுத்து மட்டுமே புதிய எண்களிலும் அமைந்திருக்கின்றன. பழைய பொருளைப் புதிய சட்டத்தின் பெயரோடு ஒட்டித் தரும் பிழை இங்கே எவ்வளவு எளிதில் நேரும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பவம் 2024 ஜூலைக்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்து எந்தச் சட்டம் பொருந்தும் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டால், கருவியின் வரைவை அப்படியே நம்பியவர் தம்மை அமர்த்திய கட்சிக்காரருக்காகத் தவறான கதவைத் தட்டியவராகிவிடுவார்.

கட்சிக்காரரின் ரகசியம்

பொய்யான மேற்கோள் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது; யாராவது தேடிப் பார்த்தால் போதும். ரகசியக் காப்பு மீறப்படுவது அப்படி வெளியே தெரிவதில்லை. ஆகவே அதைப் பற்றி நம் வழக்கறிஞர் சங்கங்களில் போதிய பேச்சும் இல்லை.

ஒரு குடும்ப நல வழக்கின் பிராதையோ, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்ற வழக்கின் வாக்குமூலத்தையோ 'சுருக்கித் தா' என்று இலவசக் கணக்கில் ஏற்றும்போது, அந்தப் பெயர்களும் முகவரிகளும் வாழ்க்கையின் மிக அந்தரங்கமான விவரங்களும் வேறொரு நாட்டிலிருக்கும் நிறுவனத்தின் கணினிக்குப் போகின்றன. அந்த உரையாடல் மாதிரியை மேலும் பயிற்றுவிக்கப் பயன்படலாமா என்பது அமைப்புகளில் ஒளிந்திருக்கும் ஒரு பொத்தானைப் பொறுத்தது. அழித்துவிட்டால் போயிற்று என்றும் இருக்க முடியாது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், சாட்ஜிபிடியைத் தயாரிக்கும் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் மீது தொடர்ந்த பதிப்புரிமை வழக்கில், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்குமாறு 2025 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு சில மாதங்கள் நடப்பில் இருந்தது. சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கின் சான்றாக ஒருவருடைய குடும்பச் சண்டை எங்கோ சேமிக்கப்பட்டுக் கிடக்கக்கூடும்.

பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 132ஆம் பிரிவு, முன்பு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் தம்மிடம் சொன்னதையும் காட்டிய ஆவணத்தின் உள்ளடக்கத்தையும் அவருடைய வெளிப்படையான சம்மதமின்றி வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்கிறது. வழக்கு முடிந்த பின்னும் இந்தக் கடமை தொடர்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கும் குமாஸ்தாவுக்கும் அலுவலக ஊழியருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. குமாஸ்தாவைக் கட்டுப்படுத்தும் சட்டம் இந்தக் கருவியைக் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே அதை 'என் அலுவலகத்தின் இன்னொரு ஊழியர்' என்று எண்ணிக்கொள்வது சட்டப்படி பிழை என்பதே என் கருத்து. அது வெளியாள், வெளியாளிடம் பேசும் அளவோடுதான் பேச வேண்டும். பெயர்களை 'அ', 'ஆ' என்று மாற்றி, ஊரையும் சர்வே எண்ணையும் ஆதார் எண்ணையும் நீக்கி, சட்டக் கேள்வியை மட்டும் கேட்பது பெரும்பாலான வேலைக்குப் போதுமானது. ஆவணம் முழுவதையும் ஏற்றியே ஆக வேண்டுமென்றால், தரவைத் தக்கவைக்காத ஒப்பந்தமுள்ள கட்டணச் சேவையும், கட்சிக்காரரிடம் தமிழில் விளக்கி வாங்கிய எழுத்துச் சம்மதமும் வேண்டும். வக்காலத்துப் படிவத்தின் அடியில் ஒரு வரியைச் சேர்த்துக் கைநாட்டு வாங்கிவிடுவதைச் சம்மதம் என்று நான் ஏற்க மாட்டேன்.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2024 ஜூலை மாதம் வெளியிட்ட 512ஆம் எண் நெறிமுறைக் கருத்துரையும், பொதுப்படையான ஒப்பந்த வாசகத்தால் பெறும் சம்மதம் போதாது என்றே சொல்கிறது. கருவியால் மிச்சமான நேரத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் வழக்கம் நம் மாவட்ட நீதிமன்றங்களில் இல்லாததால் அது இங்கே அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை.

தமிழில் இருக்கும் கட்டு

தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களின் மொழியாகத் தமிழ் இருப்பதற்கு 1976இல் செய்யப்பட்ட ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் வழி செய்தது. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றமோ ஆங்கிலத்தில் நடக்கிறது. ஒரு சொத்து வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும்போது, பத்திரங்கள், சாட்சியம், கீழமைத் தீர்ப்பு என்று நூற்றுக்கணக்கான தமிழ்ப் பக்கங்களை மொழிபெயர்த்தாக வேண்டும். இந்தச் சுமையில் செயற்கை நுண்ணறிவு செய்யக்கூடிய உதவி மிகப் பெரிது. அதை மறுப்பவன் நானல்லன். உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் முதல் 'சுவாஸ்' என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டு தன் தீர்ப்புகளைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் தருகிறது. ஒரு தாய் தன் மகனின் ஜாமீன் ஆணையைத் தன் மொழியில் படிக்க முடிவது சாதாரணப் பேறு அல்ல.

ஆயினும் 'லீவ் கிரான்டட்' என்ற நீதிமன்றத் தொடரை, மேல்முறையீட்டுக்கு அனுமதி அளிக்கப்பட்டது என்று கொள்ளாமல், விடுமுறை வழங்கப்பட்டது என்று இயந்திரம் இந்தியில் பெயர்த்த கதையை உச்ச நீதிமன்ற நீதிபதிகளே எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்ப் பத்திரங்களில் இதைவிடக் கடினமான இடங்கள் உண்டு. ஒரு பழைய பத்திரத்தின் வாசகத்தை, பெயர்களை நீக்கிவிட்டு, ஒரு கருவியிடம் கொடுத்து ஆங்கிலமாக்கிப் பார்த்தேன். வாக்கியங்கள் சீராக வந்தன. 'ஒத்தி' என்று இருந்த இடமெல்லாம் குத்தகை என்ற பொருளில் ஆங்கிலச் சொல் விழுந்திருந்தது. ஒத்தி என்பது நிலத்தை அனுபவித்துக்கொள்ளும்படி கடன் கொடுத்தவரிடம் விடும் அடமானம். நிலத்தின் சொந்தக்காரருக்குக் கடனைத் தீர்த்து மீட்கும் உரிமை உண்டு. குத்தகைக்காரரின் நிலை வேறு, உரிமை வேறு, காலவரம்பு வேறு. அந்த ஒரு சொல்லில் வழக்கின் தலையெழுத்தே மாறிவிடும். அதே பத்திரத்தில் 'விடுதலை' என்று இருந்தது, கூட்டுச் சொத்தில் ஒருவர் தம் பங்கைப் பிறருக்கு விட்டுக்கொடுப்பதைக் குறித்தது; சூழல் தெரியாதவருக்கு அது சிறைக்கதவை நினைவூட்டும் சொல். சொத்தின் எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் 'மேற்படி' என்பதற்குப் பதிலாகப் பழைய எழுத்தர்கள் போடும் '௸' குறி, நகல் எடுத்த படத்தில் கருவியின் கண்ணுக்கு வேறேதோ எழுத்தாகப் பட்டது. நான்கெல்லைகளில் ஒன்று காணாமல் போயிற்று.

மோசமான மொழிபெயர்ப்பாக இருந்திருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். சரளமாக இருந்ததுதான் இதில் ஆபத்து. பத்திர எழுத்தரின் தமிழையும் சொத்துரிமைச் சட்டத்தையும் ஒருசேர அறிந்த ஒருவர், மூலத்தையும் பெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுவதற்கு மாற்று எதுவும் இப்போதைக்கு இல்லை. அப்படி ஒப்பிட்டால் ஒரு நாள் வேலை இரண்டு மணி நேரத்தில் முடியும். ஒப்பிடாவிட்டால் மிச்சமான நேரமெல்லாம் இரவல் வாங்கிய நேரம்.

யார் பொறுப்பு

கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தன் மாவட்ட நீதித்துறைக்கென வெளியிட்ட கொள்கை, இந்தியாவில் இத்தகைய முதல் ஆவணம். எந்த வழக்கிலும் முடிவையோ பரிகாரத்தையோ ஆணையையோ தீர்ப்பையோ எட்டுவதற்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட கருவிகளைத் தவிர மற்றவற்றைத் தொடக் கூடாது. மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ள மனிதர் சரிபார்க்க வேண்டும். எங்கெங்கே பயன்படுத்தப்பட்டது என்று பதிவேடு வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதே கேரளம் சாட்சி வாக்குமூலத்தை எழுத்தாக்கும் கருவியை 2025 நவம்பர் முதல் மாவட்ட நீதிமன்றங்களில் கட்டாயமாக்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நீதிமன்றம் கோட்டை எங்கே கிழிக்கிறது என்பது புலனாகும்: எழுதுவதற்கு உதவி, தீர்மானிப்பதற்குத் தடை. 2023 மார்ச்சில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் மனுவில் சாட்ஜிபிடியிடம் பொதுவான கேள்வி கேட்டுப் பதிவு செய்ததும், அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் பதில்கள் தீர்ப்புக்கு அடிப்படையாக முடியாது என்று சொன்னதும் அந்தக் கோட்டைத் தேடிய தொடக்கக் காலத் தடங்கள்.

இலண்டன் உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 6 அன்று வழங்கிய தீர்ப்பு, பொறுப்பை இன்னும் ஒரு படி மேலே ஏற்றியது. அதன் முன் வந்த இரு விவகாரங்களில் ஒன்றில், மேற்கோள் காட்டப்பட்ட 45 தீர்ப்புகளில் 18 இல்லாதவை. அவற்றுள் ஒன்று, விண்ணப்பத்தை விசாரித்த நீதிபதியே எழுதியதாகக் காட்டப்பட்டிருந்தது. அங்கே ஆய்வு செய்தவர் கட்சிக்காரர். வழக்கறிஞர் அதை நம்பித் தாக்கல் செய்திருந்தார். சட்ட ஆய்வின் சரித்தன்மைக்கு வழக்கறிஞர் கட்சிக்காரரை நம்பியிருப்பது விந்தையானது என்றார் தலைமை வகித்த நீதிபதி விக்டோரியா ஷார்ப். கண்டனம், செலவுத்தொகை, ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரை, நீதிமன்ற அவமதிப்பு, மிகக் கொடிய நிலையில் காவல்துறை விசாரணை வரை நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று அந்தத் தீர்ப்பு நினைவூட்டியது. அதைவிட முக்கியமாக, அலுவலகங்களுக்கும் வழக்கறிஞர் குழுக்களுக்கும் தலைமை தாங்குபவர்கள், இளையவர்கள் இந்தக் கடமையை அறிந்து நடப்பதற்கு நடைமுறை ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்று இனி விசாரிக்கப்படும் என்றும் சொன்னது.

இந்தக் கடைசிக் கருத்து நம் ஊருக்கு மிகவும் வேண்டியது. தவறு நேர்ந்தால் 'ஜூனியர் போட்டுவிட்டான்' என்று சொல்லி நகர்ந்துவிடும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு வேலை செய்யும் இளைஞரிடம் மாலை 7 மணிக்குக் கட்டைக் கொடுத்து, காலை 10 மணிக்குள் எதிருரை வேண்டும் என்று சொல்லும் சீனியர், அவர் கையிலிருக்கும் கைபேசியை நாடுவார் என்பதை அறியாதவரல்லர். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவு, தொழில்முறை ஒழுங்கீனத்துக்குக் கண்டனம், தற்காலிக விலக்கம், பதிவு நீக்கம் ஆகியவற்றை விதிக்கிறது. வழக்கறிஞரின் கவனக்குறைவைத் தண்டிக்கப் புதிய சட்டம் வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இருக்கும் பிரிவு, எழுதிய இளையவரோடு ஒப்பமிட்ட மூத்தவரையும் எட்டினாலே போதும்.

சரிபார்ப்பது அவ்வளவு கடினமும் அன்று. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் திரட்டு 2023 ஜனவரி முதல் இ-எஸ்சிஆர் தளத்தில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. மேற்கோளைத் தட்டித் தீர்ப்பைத் திறந்து, தரப்பினர் பெயரையும் தேதியையும் பார்க்க வேண்டும். பிறகு மேற்கோள் காட்டிய பத்தி எண்ணுக்குப் போய், அந்த வாசகம் நீதிமன்றத்தின் முடிவா, அல்லது ஒரு தரப்பின் வாதத்தை நீதிபதி எடுத்து எழுதிய இடமா என்று பார்க்க வேண்டும். கருவிகள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. கடைசியாக, அந்தத் தீர்ப்பு பிற்பாடு பெரிய அமர்வால் மாற்றப்பட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். ஒரு தீர்ப்புக்குக் கால் மணி நேரம். 6 தீர்ப்புகள் கொண்ட எதிருரைக்கு ஒன்றரை மணி. அந்த ஒன்றரை மணி நேரம் இல்லையென்றால், 6 தீர்ப்புகளைக் காட்டாமல் படித்த 2 தீர்ப்புகளை மட்டும் காட்டலாம். எந்த நீதிபதியும் அதற்காக வழக்கைத் தள்ளியதில்லை.

நியூயார்க்கிலும் இலண்டனிலும் டெல்லியிலும் பொய்யான மேற்கோள்கள் பிடிபட்டதற்குக் காரணம், எதிரே தேடிப் பார்க்க நேரமும் தரவுத்தளமும் உள்ள வழக்கறிஞர்களோ, ஆய்வு உதவியாளர்கள் உள்ள நீதிபதிகளோ இருந்ததுதான். ஒரு தாலுகா நீதிமன்றத்தில், ஜீவனாம்சம் கேட்டு நிற்கும் பெண்ணுக்கு எதிராகக் கணவரின் தரப்பு இல்லாத தீர்ப்பு ஒன்றை நீட்டும்போது, அன்று 80 வழக்குகள் பட்டியலில் இருக்கும் நடுவர் அதைத் தேடிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சட்ட உதவி மூலம் அவளுக்காக நியமிக்கப்பட்டவரிடம் கட்டணத் தரவுத்தளமும் இருக்காது. அங்கே அந்தப் பொய் பிடிபடாது, ஆணையாகிவிடும், மேல்முறையீட்டுக்குப் போகப் பேருந்துக் கட்டணம்கூட இல்லாத ஒருத்தியின் மேல் அது நிலைத்தும் நிற்கும்.

ஆகவே பின்வரும் ஏற்பாட்டை உயர் நீதிமன்றம் கீழமை நீதிமன்றங்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாதத்தோடு தாக்கலாகும் ஒவ்வொரு தீர்ப்புக்கும், நீதிமன்றமே ஒவ்வொரு தீர்ப்புக்கும் தருவதும் அரசு தளத்தில் யாரும் தட்டிப் பார்க்கக்கூடியதுமான நடுநிலை மேற்கோள் எண், அது இல்லாத பழைய தீர்ப்புகளுக்கு இ-எஸ்சிஆர் பக்க எண், நம்பியிருக்கும் பத்தியின் எண், அந்தப் பத்தி இடம்பெறும் பக்கத்தின் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும்; அந்த நகலின் ஓரத்தில், 'மூலத்தில் படித்துச் சரிபார்த்தேன்' என்று தேதியிட்டு, வக்காலத்தில் பெயருள்ள வழக்கறிஞரே தம் கையால் ஒப்பமிட வேண்டும்.